பதினோரு நொடி

அரியூர் நாடு, கொல்லிமலை
5-8-2024

தம்பி விமல்ராஜுக்கு அக்கா சுகந்தி எழுதுவது.

நானும் உன் மாமாவும் குழலியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படித்தான் இருப்பாய். செம்மேட்டு பஸ் ஸ்டாண்டில் உன் படத்தை ஆள் உயரத்துக்கு ஒட்டியிருக்கிறார்கள். கன்னம் உப்பியிருக்கிறது.

அக்கா ஏன் போனை எடுப்பதில்லை என்று மாமாவைக் கேட்டாயாம். இனி எடுக்கவே மாட்டேன். போனில் பேசினால் என் குரல் உன் கைக்கு வந்துவிடும். ஒரு தடவை வந்ததற்கே நீ செய்த காரியம் போதும். எழுத்தை வைத்து நீ பாட்டுப் போட முடியாது, அதனால் எழுதுகிறேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மலைக்கு வந்த வண்டி ஒவ்வொன்றிலும் உன் பாட்டுதான். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் நான் கத்திக்கொண்டே ஏறி வருகிறேன். “ஏஏ சாமீ... ஊட்டுக்கு வா சாமீ... பொழுது போயிருச்சு...” சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக் கூரைமேல் நிற்கிற பையன்கள் என்னைப் போலவே கத்திக் காட்டுகிறார்கள். சந்தையில் குச்சிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் மாதம்மாக்கா, “ஏஞ்சுகந்தி, இது உங்கொரலாட்டவே இருக்குதே?” என்றது. “இல்லீங்கக்கா, வேற யாரோ” என்று சொல்லிவிட்டேன். என் குரலை என்னுடையது இல்லை என்று என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டாய்.

பட்டணத்தில் மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு குரல். பனி இறங்கி, நீட்டின கை தெரியாமல் போகும்போது பிள்ளைகள் வழியைப் பார்த்தா நடக்கின்றன? குரல் வருகிற திக்கில் நடந்து வீடு வந்து சேர்கின்றன. நீயும் அப்படித்தான் வந்து சேர்ந்தாய். அம்மா போன பிறகு உனக்குக் குரல் கொடுத்தவள் நான். ஒரு நாளும் நீ வழி தவறினதில்லை.

அந்தப் பாட்டிலிருந்து என் குரலை எடுத்துவிடு. வேறு ஒன்றும் உன்னிடம் கேட்கவில்லை.

சுகந்தி

*

சென்னை
22-8-2024

அன்புள்ள அக்காவுக்கு விமல் வணக்கத்துடன் எழுதுவது.

நான் சௌக்கியம், தூக்கம்தான் குறைவு. மாமாவின் முழங்கால் வலி தேவலையா? குழலி எத்தனாவது போகிறாள்? மூன்றா, நான்கா?

உன் கடிதத்தை ஸ்டூடியோவில் சத்தமாகப் படித்தோம். கோபத்திலும் எப்படி எழுதுகிறாய் என்று எல்லோரும் ரசித்துச் சிரித்தார்கள். கோபப்பட இதில் என்ன இருக்கிறது அக்கா? உன் குரலை ஆறு கோடித் தடவை கேட்டிருக்கிறார்கள். பாட்டை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் போட்டால் போதும் என்கிறார்கள். பொங்கலுக்கு வந்திருந்தபோது குழலியை நீ கூப்பிட்டாயே, அப்போது போனில் சும்மா பதிவு செய்தது அது. இப்படிப் போய்ச் சேரும் என்று எனக்கே தெரியாது.

எடுப்பது நடக்காத காரியம். பாட்டு இப்போது கம்பெனியின் சொத்து. ஒரு நொடியைக்கூட என்னால் மாற்ற முடியாது.

ஒரு நல்ல செய்தி, வெளியே சொல்லாதே. உலகம் முழுக்க இந்தக் காலத்துப் பாட்டை மாற்றிய ஐம்பது பேர் என்று ஒரு பெரிய பத்திரிகை பட்டியல் போடப் போகிறது. அதில் உன் தம்பி பெயரும் இருக்கும் போலிருக்கிறது. அப்பா இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

அன்புடன்
விமல்

*

அரியூர் நாடு
10-9-2024

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாமா முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு மரமேறுகிறார். குழலி நான்காவது.

நீ சொல்லச் சொல்ல வேறு யாரோ கம்ப்யூட்டரில் அடித்த கடிதம் வந்து சேர்ந்தது. அடியில் கையெழுத்து மட்டும் உன்னுடையது. கூடப் பிறந்தவளுக்கு நாலு வரி எழுத உனக்குக் கை வலிக்கிறது. நான் எழுதினதை ஊரைக் கூட்டி வைத்துப் படித்துச் சிரித்தீர்களா? சிரியுங்கள். இதையும் படித்துச் சிரியுங்கள்.

பொங்கலுக்கு வந்தபோது பதிவு செய்தேன் என்கிறாயே, எந்தப் பொங்கலுக்கு? நன்றாக யோசித்து எழுது. எனக்கு அவசரமில்லை.

அந்த ஐம்பது பேரில் மற்ற நாற்பத்தொன்பது பேரும் அக்காவைக் கேட்காமல் அக்கா குரலை எடுத்துத்தான் பெரிய ஆள் ஆனார்களா? தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. உலகத்தையே மாற்றுகிறவனுக்கு ஒரு பாட்டில் பதினோரு நொடியை மாற்ற முடியவில்லையாம். பதினோரு நொடிதான், எண்ணிப் பார்த்தேன்.

ஐப்பசி பதினாறு அப்பாவுக்கு வருசப் படையல். அப்பா சந்தோஷப்பட்டிருக்கும் என்று கடிதத்தில் எழுதினால் போதாது. வந்து நிற்கிறாயா, இல்லையா?

சுகந்தி

*

சென்னை
14-10-2024

அக்காவுக்கு,

இதோ, என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

பட்டியல் வந்துவிட்டது. நாற்பத்தோராவது இடம்! எனக்கு மேலே இருக்கிறவர்களின் பாட்டைக் கேட்டுத்தான் நான் கீபோர்டே தொட்டேன். பத்திரிகையை ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். என்னைப் பற்றி எழுதியிருப்பதை இங்கேயே சொல்கிறேன்: “ஒரு மலைப்பெண்ணின் அழைப்பு, அதற்கு அடியில் காய்ந்த பலகையில் எதையோ இழுத்தது போல வரும் ஒரு கரகரத்த தாளம். அந்தத் தாளம் எதிலிருந்து உண்டானது என்று யாருக்கும் தெரியவில்லை. இவருக்குப் பிறகு வந்த எல்லோரும் அதைப் போலச் செய்து பார்க்கிறார்கள்.”

படையலுக்கு வர முடியவில்லை அக்கா. அந்த வாரம் முழுக்க ரெக்கார்டிங், ஆட்கள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். மனசுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன். ஆனால் நீ ஒன்று செய். ஜனவரி பன்னிரண்டு இங்கே பெரிய கச்சேரி, முப்பதாயிரம் பேர். நீ மேடையில் வந்து நின்று ஒரே ஒரு தடவை அந்தக் குரலைக் கொடுத்துவிட்டுப் போனால் போதும். கார் அனுப்புகிறேன்.

எந்தப் பொங்கல் என்று கேட்டிருந்தாய். சரியாக ஞாபகமில்லை.

விமல்

*

அரியூர் நாடு
5-11-2024

விமலுக்கு,

சுகம். படையல் முடிந்தது. உனக்குப் போட்ட இலையில் குழலி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பத்திரிகை வந்தது. நாற்பத்தோராவது ஆளைப் பார்த்தோம். அந்தத் தாளம் எதிலிருந்து உண்டானது என்று யாருக்கும் தெரியவில்லையாம். எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

மேடைக்கு வர மாட்டேன். கார் அனுப்பாதே.

சுகந்தி

*

சென்னை
20-11-2024

அக்கா,

சுகமா என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது, கேட்டால் அதற்கும் குத்துவாய். எதையோ மனதில் வைத்துக்கொண்டு அரைகுறையாக எழுதுகிறாய். சொல்வதானால் நேராகச் சொல்.

நான் எதற்கு வெட்கப்பட வேண்டும்? நம் நாட்டிலிருந்து எவன் அந்தப் பட்டியலில் ஏறியிருக்கிறான்? கொல்லிமலை என்றால் அருவிக்கும் அன்னாசிக்கும் வருகிற ஊர் என்றிருந்ததை நான் மாற்றினேன். அப்பாவின் பழைய சட்டையோடு பள்ளிக்கூடம் போனவன் நான். ஒரு வார்த்தை, ‘நல்லா வந்துட்ட சாமி’ என்று ஒரு வார்த்தை உன் வாயிலிருந்து வந்ததா? ஊரே பாராட்டுகிறது, உனக்கு மட்டும் வயிறு எரிகிறது.

நீ வராவிட்டாலும் கச்சேரி நிற்காது. உன் குரல் என்னிடம் இருக்கிறது.

விமல்

*

அரசு ஆஸ்பத்திரி, நாமக்கல்
11-12-2024

விமல்ராஜ்,

சுகமில்லை. யாரும் சுகமில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். குழலிக்குத் தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். நேராகச் சொல்லச் சொன்னாய் இல்லையா, சொல்கிறேன். படி. சத்தமாகப் படி, உன் ஆட்கள் எல்லோரும் கேட்கட்டும்.

போன செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு அவள் வரும்போது பனி கவிழ்ந்துவிட்டது. நான் மிளகுக் கொடிக்குள் இருந்தேன். பனியைப் பார்த்ததும் இறங்கி ஓடி வந்தேன், வரப்பு முனைக்கு வந்துதான் குரல் கொடுக்க வேண்டும். நான் வந்து சேர்வதற்குள் என் குரல் கேட்கிறது. மேல் வளைவில் ஒரு வேன் நிறுத்தி, பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் வைத்து உன் பாட்டைப் போட்டிருக்கிறார்கள். ஊட்டுக்கு வா சாமீ, ஊட்டுக்கு வா சாமீ என்று திரும்பத் திரும்ப.

குழலி என்ன செய்வாள்? அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்ததைச் செய்தாள். பனியில் வழியைப் பார்க்காதே, அம்மா குரல் வருகிற பக்கம் நட. நடந்திருக்கிறாள். வழியை விட்டுப் பாறைக்கு ஏறி, அந்தப் பக்கம் விழுந்துவிட்டாள்.

இது பாதிதான், மீதியைக் கேள். நான் வரப்பு முனையில் நின்று கூப்பிட்டேன். இரண்டு மணி நேரம் கூப்பிட்டேன். தொண்டை கிழிந்து ரத்தம் வந்தது. பதில் இல்லை. உன் மாமாவும் பக்கத்து வீட்டு வேல்முருகன் மாமாவும் டார்ச் எடுத்துப் போய்த் தேடினால், நான் நின்ற இடத்துக்கு நேர் கீழே, கூப்பிடு தூரத்தில் நினைவோடு கிடக்கிறாள். “ஏங்கண்ணு, அம்மா கூப்புட்டது கேக்குலியா?” என்றேன். “கேட்டுச்சும்மா. பாட்டுன்னு நெனச்சேன்” என்கிறாள்.

என் பிள்ளைக்கு என் குரல் கேட்கிறது, அது நான்தான் என்று தெரியவில்லை. புரிகிறதா உனக்கு? உன் நாற்பத்தோராவது இடத்துக்கு நான் கொடுத்தது இதுதான்.

அந்தக் குரலை நீ எப்போது பதிவு செய்தாய் என்று இனியும் யோசிக்காதே. நீ பதிவு செய்யவே இல்லை. நான் உனக்கு அனுப்பினேன். அப்பா கட்டிலில் கிடந்தபோது, மூன்று நாளாக போனில் சொல்லியும் நீ வராதபோது, அப்பாதான் சொன்னது: “போன்ல பேசுனா வரமாட்டான். அவனுக்குக் கொரல் குடு புள்ள. சின்னதுல குடுப்பியே, அப்புடி. வந்துருவான்.” கட்டிலைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டு, பக்கத்தில் நின்று வாய்ஸ் மெசேஜில் கூப்பிட்டேன். பதினாலு வருசம் கழித்து உன்னைச் சாமி என்று கூப்பிட்டேன். நீ வரவில்லை. நீ வந்தபோது மண் போட்டு மூடியாகிவிட்டது.

அந்தக் கரகரத்த தாளம் அப்பாவின் இருமல். பொன்னனின் மகனே, உன் அப்பா சாகிற இருமலுக்கு ஊரே ஆடுகிறது.

சுகந்தி

*

சென்னை
17-12-2024

அக்கா,

குழலிக்கு எப்படி இருக்கிறது? அதை மட்டும் முதலில் எழுது.

பொங்கல் என்றது பொய். உன் மெசேஜ் வந்தது பகல் பதினோரு மணிக்கு. எதிரில் கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், என்னிடம் டியூன் எதுவும் இல்லை. ஒரு மாதமாக ஒன்றும் வரவில்லை, வெளியே அனுப்பிவிடுவார்கள் என்ற நிலை. ஹெட்போனில் போட்டேன். முதல் பதினோரு நொடி கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் கிளம்பியாக வேண்டும் என்று தெரியும். அங்கேயே நிறுத்தி, அதையே வெட்டி, சுற்றவிட்டு அவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். நாளைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். இருமல் என்று எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்துதான் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

நாளைக்குக் காலையில் புறப்பட்டு வருகிறேன். என்னை மன்னித்துவிடு.

விமல்

*

நாமக்கல்
18-12-2024

மாமா போனுக்கு நீ அனுப்பின கடிதப் படத்தை ராத்திரியே படித்தேன். தபாலில் போனால் நாளாகும் என்று மாமாவும் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறார்.

குழலி கஞ்சி குடிக்கிறாள். நீ வராதே. நீ வந்தால் நர்ஸ், டாக்டர் எல்லோரும் உன்னோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள், குழலி அதைப் பார்க்க வேண்டாம்.

மன்னிப்பை நீயே வைத்துக்கொள். எனக்குத் தேவைப்படுவதை ஆடி மாதமே எழுதிவிட்டேன். எடு.

சுகந்தி

*

சென்னை
20-2-2025

அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். குழலி நடக்கிறாள் என்று மாமா சொன்னார். கேட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

எடுத்தாயிற்று. கம்பெனிக்காரர்கள் முடியவே முடியாது என்றார்கள். அந்தக் குரல் எப்படிக் கிடைத்தது என்று நானே பத்திரிகையில் சொல்லிவிடுவேன் என்றேன். பயந்துவிட்டார்கள். இனி என்னை வைத்து அவர்கள் பாட்டுப் போடப் போவதில்லை. இப்போது பாட்டில் இருப்பது இங்கே உள்ள ஒரு பாடகியின் குரல். தாளத்தையும் மாற்றிவிட்டேன். ஏற்கனவே போன்களில் இறக்கி வைத்திருப்பவர்களிடம் பழையது இருக்கும், அதை என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பாட்டில் உயிர் போய்விட்டது என்று ஊரே என்னைத் திட்டுகிறது. அந்தப் பத்திரிகையிலும் எழுதினார்கள்.

ஜனவரிக் கச்சேரியில் ஒன்று நடந்தது. அந்த இடம் வந்ததும் குரலை ஓடவிடாமல் நிறுத்தினேன். முப்பதாயிரம் பேரும் தாங்களாகவே கூப்பிட்டார்கள். ஊட்டுக்கு வா சாமீ என்று. எல்லோரும் என்னைப் பார்த்து. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு நின்றேன்.

அக்கா, எனக்கு ஊருக்கு வர வேண்டும், வர முகமில்லை. ஒரே ஒரு தடவை எனக்குக் குரல் கொடு. போனில் வேண்டாம், கடிதத்தில் எழுது. கூப்பிட்டால் அன்றைக்கே கிளம்பிவிடுவேன்.

உன் தம்பி
விமல்

*

அரியூர் நாடு
10-3-2025

தம்பிக்கு,

இங்கே சுகம். மாசி முடியப் போகிறது, பனி விட்டுவிட்டது. குழலி இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறாள், போகப் போகச் சரியாகும் என்கிறார்கள். நீ தூங்குகிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து நான் அவளுக்குக் குரல் கொடுக்கவில்லை. பயம். கூப்பிட்டு, அவள் வராமல் போனால் என்ன செய்வது? ஈயத் தட்டைக் கரண்டியால் தட்டித்தான் கூப்பிட்டேன். ஆட்டைக் கூப்பிடுகிற மாதிரி என் பிள்ளையைக் கூப்பிட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மேல் வளைவில் ஒரு வண்டி நின்று உன் புதுப் பாட்டைப் போட்டார்கள். செய்துகொண்டிருந்ததைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தேன். குழலி கண்ணாயி வீட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். தலையைத் தூக்கிக் கேட்டாள். “இது எங்கம்மா இல்ல. யாரோ” என்று கண்ணாயி மகளிடம் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். வண்டி போகிற வரைக்கும் காத்திருந்தேன். வரப்பு முனைக்குப் போய், மூன்று மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தேன். “வாரேன்ம்மா” என்று பதில் வந்தது. காலை இழுத்து இழுத்து ஓடி வந்தாள். உட்கார்ந்து அழுதேன். குரலை எடுத்துவிட்டாய், அது நல்ல காரியம். உன் மேலிருக்கிற கோபம் அதனால் தீரவில்லை.

குரல் கொடு, வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கொடுக்க மாட்டேன். உன்னை ஒரு தடவை கூப்பிட்டாயிற்று. அது இன்னும் உன் போனில்தான் இருக்கிறது. நாற்பது நொடி அது. நீ பதினோரு நொடிதான் கேட்டிருக்கிறாய். மீதியையும் போட்டுக் கேள்.

இருமி முடித்ததும் அப்பா கேட்கும்: “பையன் வாரானா புள்ள?” நான் சொல்வேன்: “வாரானுங்கப்பா. பொறப்புட்டுட்டான்.” அப்பாவிடம் நான் சொன்ன கடைசி வார்த்தை அது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. நீ என்னைப் பொய்க்காரி ஆக்கி அப்பாவை அனுப்பி வைத்தாய்.

நாமக்கல்லிலிருந்து காலை ஆறரைக்கு பஸ் இருக்கிறது.

சுகந்தி